யானைக்காசைக் குளிப்பாட்டியது யார்?

அத்தியாயம் ஏழு

“நீங்க காசப் பாக்கத் தேவையில்ல, அழகரத்தினம். இதில ஒரு கையெழுத்து வைச்சாப் போதும்.”

நல்லரத்தினம் ஒரு கடதாசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். முத்துமுத்தான எழுத்து. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னை ஏமாற்றியவர்கள் எல்லாருக்கும் எழுத்து வடிவாகத்தான் இருந்தது. அதனால் வடிவான எழுத்தைக் கண்டால் எனக்கு மரியாதை வருவதில்லை, குமட்டல்தான் வரும்.

“என்ன எழுதியிரிக்கு?”

“இந்த வெள்ளிக்காசு கழுவப்பட்டிருக்கெண்டு. நாப்பது வருசம் பழைய பித்தளையும் செம்பும் வெள்ளியும் வாங்கி வித்த ஆள் நீங்க. நீங்க சொன்னா பொலிசில எடுபடும். பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொல்லியிரிக்காங்க.”

“காசு எங்க?”

“அது என்னத்துக்கு?”

என் பக்கத்தில் நின்ற பதியுதீனுக்கு வாய் பொறுக்கவில்லை. “வண்ணக்கர் ஐயா, பொம்புளையக் காட்டாமலே தாலியக் கட்டச் சொல்றீங்களே!”

பதியுதீன் காத்தான்குடிக்காரன். ஓட்டோ ஓட்டுகிறவன், வயது நாற்பத்தைந்து. ஐந்து வருடமாக என்னோடு அலைகிறான். பொருள் மாறிப்போனது, நிறை குறைந்தது, பித்தளை பொன்னானது என்று யாராவது என்னைத் தேடி வந்தால் இவன் ஓட்டோவில்தான் போவேன். அவனுடைய வாயைப் பொறுத்துக்கொள்வதுதான் நான் கொடுக்கும் வாடகையில் பெரிய பங்கு.

எங்கள் பக்கத்தில் கோயில் காரியம் பார்க்கும் தலைவரை வண்ணக்கர் என்போம். நல்லரத்தினம் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்குப் பன்னிரண்டு வருடமாக வண்ணக்கர். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் வேண்டாம். அங்கே நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். பெரியகல்லாற்றுக்கு அங்கால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

“காசக் காட்டுங்க அண்ணன்” என்றது கதிரையில் இருந்த பெண். அவள் கண்ணகை, நல்லரத்தினத்தின் தங்கை. வீடு அவளுடையது, காசும் அவளுடையது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. நடந்ததை அவள்தான் சொன்னாள்.

காசு அவளுடைய தாயின் சீதனத்தோடு வந்தது. இங்கிலாந்து ராசா காலத்து வெள்ளி. ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் யானை. வீட்டில் யானைக்காசு என்பார்கள். மஞ்சள் துணியில் சுற்றி, சாமி அறையில் ஒரு பித்தளைச் செப்புக்குள் கிடந்தது. கூரை ஒழுகுகிறது, விற்கலாம் என்று நினைத்தாள். இரண்டு மாதத்துக்கு முன் காத்தான்குடி முத்தலிப் முதலாளி வந்து பார்த்தார், படம் எடுத்தார், நல்ல விலை சொன்னார். “உம்மா, இதக் கழுவிராதீங்க. இந்தக் கறுப்புக்குத்தான் விலை” என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்றுத் திரும்பி வந்தவர் காசைக் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட்டார். “கழுவிட்டாங்க. இனி இது வெறும் வெள்ளி விலைதான்.”

“நடுவில கோயில் சடங்கு வந்த” என்றார் நல்லரத்தினம். “வீட்டு விளக்கு, செம்பு எல்லாத்தையும் மினுக்கினவள் இவள். காசையும் சேத்து மினுக்கியிரிக்காள். கேட்டா இல்ல எண்றாள்.”

இவள் என்று அவர் விரல் நீட்டியது குசினி வாசலில் நின்ற ஆர்த்திகாவை. இருபத்தாறு வயது, அந்த வீட்டில் சமையலும் துப்புரவும் செய்கிறவள். அழுது அழுது முகம் அதைத்திருந்தது.

“நான் செப்பத் தொடவே இல்ல ஐயா” என்றாள் என்னிடம். “சாமி அறைக்குள்ள இருந்து விளக்குகள வெளியில எடுத்துத் தந்ததும் வண்ணக்கர் ஐயாதான். திங்கக்கிழமை குவைத் போறத்துக்குப் பொலிஸ் றிப்போட் எடுக்கப் போகணும். இண்டைக்கு என்ட பேரில முறைப்பாடு விழுந்தா எல்லாம் போச்சு. தங்கச்சி ரெண்டு பேர் படிக்கிறாங்க.”

அவள் வலது கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு பேசினாள். எனக்கு ஒளிக்கிறவர்களைப் பிடிக்காது.

“கைய நீட்டு புள்ள.”

நீட்டினாள். உள்ளங்கையின் நடுவில் பெரிய கொப்புளம்.

“நேத்து வண்ணக்கர் ஐயா கற்பூரத்தக் கொளுத்திக் கையில வைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னவர். பண்ணினன்.”

“சத்தியம் பண்ணியும் நம்பல்லையா?” என்றான் பதியுதீன்.

“பொய்ச் சத்தியம் பண்ற ஆக்களும் இரிக்காங்கதானே” என்றார் நல்லரத்தினம். சொல்லிவிட்டுத் தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் காறித் துப்ப வந்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன்.

“எதால மினுக்கின நீ?”

“புளியும் சாம்பலும். தேங்காய்ப் பொச்சுத் தும்பால தேய்ச்சன்.”

மூலையில் குத்துவிளக்கு நின்றது. அதன் தட்டு முழுக்க வட்ட வட்டமாகக் கீறல்கள். சட்டி தேய்க்கிற கை எதைத் தேய்த்தாலும் வட்டமாகத்தான் தேய்க்கும்.

கண்ணகை செப்பைத் திறந்து காசை என் கையில் வைத்தாள். என் கண்ணாடி ஓட்டோவில் கிடந்தது. எடுத்துவர நான் எழும்பவில்லை. இந்த வயதிலும் எனக்கு அந்தத் திமிர் இருக்கிறது. காசைச் சாய்த்துப் பிடித்தேன். முழுக்கக் கறுப்பு. கழுவின வெள்ளி பல்லை இளிக்கும், இது இளிக்கவில்லை. அதோடு என் மனதில் ஒரு பழைய பாடம் ஓடியது: வியாபாரி ஒரு பொருளை இழித்துச் சொன்னால் அவனுக்கு அது வேண்டும் என்று அர்த்தம்.

“இது கழுவின காசு இல்ல” என்றேன். “முத்தலிப் விலையக் குறைக்கப் பொய் சொல்லியிரிக்கான்.”

கண்ணகையின் முகம் வெளித்தது. ஆர்த்திகா வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். நல்லரத்தினத்தின் முகம் மட்டும் சுருங்கிப் போனது.

“கழுவினதுதான்! உங்களுக்குக் கண் தெரியாட்டி நான் என்ன செய்ற? நிச்சயமாக் கழுவினது! உங்களக் கூப்பிட்டது கையெழுத்துக்கு, கதைக்க இல்ல.”

“நான் பாத்தத்தான் சொல்லுவன்.”

“அப்ப முத்தலிப்பிட்டயே கொண்டுபோய்க் காட்டுங்க அண்ணன்” என்றாள் கண்ணகை என்னிடம். “அவர்ட வாப்பாவும் என்ட அப்பாவும் பழக்கம். அவர் பொய் சொன்னா எனக்கு அது தெரியணும். நாலு மணிக்குள்ள வாங்க.”

நல்லரத்தினம் குறுக்கே ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் காசை மடியில் செருகிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டேன்.

வெளி விறாந்தைச் சுவரில் ஓர் ஆணி. அதில் நண்டு பிடிக்கிற தங்கூசிக் கயிறுகள் தொங்கின. தங்கூசி என்றால் மீன்காரர் பாவிக்கிற நைலோன் இழை. ஒவ்வொன்றின் முனையிலும் காய்ந்த மீன்தலை ஒன்றைப் பார்சல் கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மொய்த்த ஈக்கள் எழும்பி என் முகத்தில் மோதின.

“வீட்டில ஆரு நண்டு பிடிக்கிற?” என்று பதியுதீன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

“அண்ணன்தான். பின்னேரத்தில கண்டல் பக்கம் போய்ப் போடுவார்” என்றாள் கண்ணகை உள்ளேயிருந்து.

“சடங்கு நேரம் மீன் மச்சம் சாப்பிடமாட்டாரே?”

“சாப்பிடமாட்டார். பிடிச்சு விப்பார்.”

⁂

கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது பதியுதீன் தலையைத் திருப்பினான்.

“அண்ணன், ஒண்டு கவனிச்சீங்களா? தங்கச்சிட காசு பழுதாகல்ல எண்டு நீங்க சொன்னதும் அந்த மனிசன் செத்தவீட்டுச் சேதி கேட்ட மாதிரி நிண்டாரு.”

“தான் சொன்னது பிழைச்சிட்டெண்டு கோபம். பெரிய மனிசனுக்கு அது தாங்காது. நீ றோட்டப் பாத்து ஓடு.”

“றோட்டப் பாக்கலாம், மூக்க என்ன செய்ற? அந்த மீன்தலையில ஒண்டக் கொண்டு வாறீங்களா? நாறுது.”

எனக்கும் நாறியது. முதலில் ஆற்றிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். ஓட்டோ ஆற்றை விட்டு விலகி ஊருக்குள் ஓடியது, அப்போதும் நாறியது. செத்த தண்ணீரின் நாற்றம், அழுகின முட்டையின் நாற்றம். நான் சட்டையை மோந்து பார்த்தேன். பதியுதீன் தன் செருப்பைக் கழற்றிப் பார்த்தான். காத்தான்குடி வரும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே போனோம்.

முத்தலிப் முதலாளியின் கடை ஒரு ஒடுங்கிய அறை. மெலிந்த மனிதர், அறுபது வயது, தலையில் வெள்ளைத் தொப்பி. நான் உள்ளே ஏறவில்லை. வாசலில் நின்றே தொடங்கினேன்.

“கண் தெரியாத பொம்புளைட காசக் கழுவினதெண்டு பொய் சொல்லி அடிமட்ட விலைக்கு எடுக்கப் பாத்தியா? நீயெல்லாம் யாவாரியா, கள்ளனா?”

பக்கத்துப் புடவைக் கடையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முத்தலிப் அசையவில்லை.

“கண்ணாடி எங்க?” என்றார்.

“என்ன?”

“உங்கட கண்ணாடி. எழுவது வயசுக்கு மேல இரிக்கும் உங்களுக்கு. கண்ணாடி இல்லாமலா காசு பாத்தீங்க?”

பதியுதீன் ஓட்டோவிலிருந்து என் கண்ணாடியை எடுத்துவந்து, ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தான். அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

முத்தலிப் காசை வெள்ளைத் துணியில் வைத்தார். பக்கத்தில் தன்னுடைய இன்னொரு யானைக்காசை வைத்தார். மேலே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தார்.

“என்ட காசில யானைட முதுகப் பாருங்க.”

யானையின் முதுகு நரைத்து மங்கலாக இருந்தது. காலிடுக்கிலும் தும்பிக்கை மடிப்பிலும்தான் கறுப்பு.

“இருநூறு வருசம் மனிசன்ட கையில உரசின காசு. மேடு தேஞ்சு வெளிறும், பள்ளத்தில ஊத்த தங்கும். இப்ப உங்கட யானையப் பாருங்க.”

எங்கள் யானை முதுகும் கறுப்பு, காலிடுக்கும் கறுப்பு. தார் வாளிக்குள் முக்கி எடுத்ததுபோல் ஒரே கறுப்பு.

“இனி இது” என்று தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த படம். அதே காசு, விளிம்பில் அதே சின்னப் பள்ளம். யானையின் முதுகு நரைத்திருந்தது.

என் காது சூடாகியது. முத்தலிப் விடவில்லை. மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து, ராசாவின் தலையைச் சுற்றியிருந்த எழுத்து ஒன்றின் இடுக்கில் மெதுவாகக் கிளறினார். கறுப்புப் பொருக்கு ஒன்று கழன்றது. அதற்கு அடியில் வெள்ளையாக ஏதோ மா மாதிரி.

“மோந்து பாருங்க.”

மோந்தேன். “பற்பசை.”

“வெள்ளை கீழ, கறுப்பு மேல. ஊத்தைக்குக் கீழ பற்பசை எப்பிடிப் போகும்? முதல்ல தேய்ச்சிரிக்காங்க, மறுகா கறுக்க வைச்சிரிக்காங்க. சரிச்சுப் பிடிங்க. ராசாட முகத்துக்கு முன்னால கீறல் எந்தப் பக்கம் ஓடுது?”

“எல்லாம் ஒரே பக்கம். மேலயும் கீழயும்.”

“பல்லுத் தூரிகை.”

குத்துவிளக்கின் தட்டு என் கண்முன்னால் வந்தது. வட்ட வட்டமான கீறல்கள். இது ஆர்த்திகாவின் கை இல்லை.

“கறுக்க வைச்சது எதால?” என்றான் பதியுதீன்.

முத்தலிப் காசைத் தன் உள்ளங்கையில் பொத்தி, சற்றுநேரம் சூடாக்கி, அவன் மூக்கில் பிடித்தார். பதியுதீன் வாசலுக்கு ஓடிப்போய்க் காறினான். திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சொன்னான்: “அண்ணன், ஓட்டோக்குள்ள நாறின ஆள் நீங்களும் இல்ல, நானும் இல்ல. யானை!”

ஆற்றுச் சேறு. கண்டல் வேருக்கு அடியில் கிடக்கிற கறுப்புச் சேறு. இறால் பிடிக்கிற பெண்கள் அதற்குள் இறங்குமுன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி வைப்பார்கள். கழற்ற மறந்தால் மூன்று நாளில் மோதிரம் கரிதான். அப்படிக் கறுத்த வெள்ளியை எத்தனையோ தடவை பாதி விலைக்கு வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியாத நாற்றமா? தெரிந்த நாற்றம். காசைப் பார்க்காமல் வியாபாரியைப் பார்த்து நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். என்னை நினைக்க எனக்கே அருவருத்தது.

“யானை குளிச்சா அப்பிடித்தான் முதலாளி” என்றான் பதியுதீன். “கரைக்கு ஏறினதும் சேத்த அள்ளித் தன்ட தலையில தானே போட்டுக்கொள்ளும்.”

முத்தலிப் சிரிக்கவில்லை. “அழகரத்தினம் அண்ணன், நீங்க என்னக் கள்ளன் எண்டது எத்தின பேருக்குக் கேட்டது?”

“புடவைக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.”

“அப்ப மத்தக் கதையும் புடவைக் கடை வரைக்கும் கேக்கட்டும்.”

நான் வாசலுக்குப் போனேன். தொண்டையைச் செருமினேன். “முத்தலிப் முதலாளி கள்ளன் இல்ல! நான்தான் மடையன்!” என்று கத்தினேன். புடவைக் கடைப் பெண்களில் ஒருத்தி கைதட்டினாள்.

“இனி ஒரு விசயம்” என்றார் முத்தலிப், குரல் இளகி. “இது என்னெண்டு எனக்கு விளங்கல்ல. யானைக்கு மேல பாருங்க, கறுப்புப் பிடிக்காத ரெண்டு கோடு. மயிர் அளவு. ஒண்டு நெடுக்க, ஒண்டு குறுக்க. மறுபக்கம் ராசாட முகத்திலயும் அதே மாதிரி.”

பார்த்தேன். மெல்லிய வெள்ளைச் சிலுவை. ஏதோ ஒரு இழை இறுக்கிக் கிடந்த இடத்தில் சேறு ஏறவில்லை. பார்சல் கட்டுவதுபோல் குறுக்கும் நெடுக்கும்.

ஈ மொய்த்த மீன்தலைகள் நினைவுக்கு வந்தன.

“பதியுதீன், எத்தின மணி?”

“ரெண்டே முக்கால்.”

“ஓட்டோவத் திருப்பு.”

⁂

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்லரத்தினம் வெள்ளை வேட்டி மாற்றி, பொலிசுக்குப் போகத் தயாராக விறாந்தையில் நின்றார். ஆர்த்திகாவை முன்னால் இருத்தியிருந்தார். கண்ணகை கதிரையில்.

“இப்ப என்ன சொல்றீங்க?” என்றார். குரலில் ஏளனம்.

“நான் சொன்னது பிழை” என்றேன். “காசு கழுவின காசுதான்.”

ஆர்த்திகாவின் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்தது. நல்லரத்தினம் சட்டைப்பையிலிருந்து கடதாசியை எடுத்தார். “பாத்தியா தங்கச்சி? இந்தாங்க, பேனை.”

“பொறுங்க. கழுவின ஆள் பயந்துபோய் அத மறுகாக் கறுக்க வைக்கப் பாத்திரிக்கு. அதுக்காகக் காசப் புதைச்சிரிக்கு.”

“அதத்தானே நானும் சொல்றன்! விடியக்காலம் எழும்பி ஆத்துப் பக்கம் போறவள் இவள்தான். சேத்துக்குள்ள தாட்டு வைச்சிட்டு எடுத்திரிக்காள்!”

நீட்டிய பேனையை நான் தள்ளிவிட்டேன்.

“சேறெண்டு நான் சொல்லல்லையே” என்றேன்.

“புதைச்ச எண்டு சொன்னீங்க.”

பதியுதீன் குனிந்து முற்றத்திலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி, விரலிடுக்கால் ஒழுகவிட்டான். “வீட்டச் சுத்தி மணல், வேலிக்கு அங்கால மணல், கடற்கரை முழுக்க மணல். இந்த ஊரில புதைச்ச எண்டா மனிசனுக்கு மணல்தான் ஞாபகம் வரும். உங்களுக்கு மட்டும் எப்பிடி ஐயா சேறு ஞாபகம் வந்த?”

நான் ஆணியிலிருந்து ஒரு தங்கூசிக் கயிற்றை எடுத்தேன். மீன்தலையைப் பிடுங்கி எறிந்தேன். கை வழுக்கியது. அந்தக் கட்டின் மடிப்புகள் இழையில் அப்படியே நின்றன. காசின் மேல் வைத்தேன். ஒரு மடிப்பு நெடுக்குக் கோட்டில் பொருந்தியது, மற்றது குறுக்குக் கோட்டில் பொருந்தியது. கண்ணகை எழும்பி வந்து, நல்ல கண்ணை அருகில் கொண்டுவந்து பார்த்தாள்.

“சேத்துக்குள்ள காசு காணாமப் போகாம இரிக்கக் கட்டியிரிக்கு” என்றேன். “நண்டுக்கு இரை கட்டின மாதிரி. இந்த வீட்டில அந்தக் கட்டுக் கட்டத் தெரிஞ்ச கை எது?”

“தங்கூசி ஊர் முழுக்க இரிக்கு” என்றார் நல்லரத்தினம். “அவள் எடுத்துக் கட்டியிருப்பாள்.”

“இரிக்கட்டும். அப்ப இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. காலையில நான் ‘கழுவின காசு இல்ல’ எண்டு சொன்னன். கண்ணகைத் தங்கச்சி நம்பிச்சு. இந்தப் புள்ள நம்பிச்சு. கழுவின ஆள் இந்தப் புள்ளையா இருந்தா ‘தப்பினன்’ எண்டு வாய மூடிக்கொண்டு இரிக்கலாம். சரி, அவள் அப்பிடித்தான் இருந்தாள் எண்டு வைங்க. நீங்க ஏன் குதிச்சீங்க? கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா? இல்ல. பூதக்கண்ணாடி இரிக்கா? இல்ல. ‘நிச்சயமாக் கழுவினது’ எண்டு நெஞ்சில அடிச்சுச் சொன்னீங்க. நான் பிழை எண்டு இந்த வீட்டில நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். முத்தலிப்பிட்ட பழைய படம் இரிக்கெண்டும் உங்களுக்குத் தெரியும். படத்தோட வைச்சுப் பாத்தாக் குட்டு உடையும், அதாலதான் பழி போட உங்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்ட.”

நல்லரத்தினத்தின் மரியாதை கழன்று விழுந்தது.

“இரும்பு பொறுக்கித் திரிஞ்ச நீ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியா? என்ட அம்மாட காசுடா அது! நான் எடுத்தா என்ன? கனடாவில ஒருத்தன் முத்தலிப் சொன்னதுக்கு ரெண்டு மடங்கு தாறனெண்டான். ஆண்டு தெரியல்ல, வடிவாப் படம் அனுப்பு எண்டான். கொஞ்சம் தேய்ச்சன். படத்தப் பாத்திட்டுக் கழுவின காசு வேணாமெண்டுட்டான். நான் என்ன, வேணுமெண்டா பழுதாக்கினன்?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. உதட்டோரத்தில் வெற்றிலைச் சாறு.

காசை எடுத்ததையும் தேய்த்ததையும் நான் மன்னித்திருப்பேன். ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் தான் செய்ததற்கு இன்னொருத்தியின் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டு, அது எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான் இந்த மனிதன். நெற்றியில் திருநீறு வேறு. அந்தச் சேறு இவனைவிடச் சுத்தம்.

கண்ணகை கத்தவில்லை. கையை நீட்டினாள்.

“சாமி அறைச் சாவியத் தாங்க.”

“தங்கச்சி, நான் சொல்றதக் கேள்...”

“சாவி.”

இடுப்புக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். நான் காசை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “அந்த மேசையில வைங்க. நாறுது.”

பிறகு அதே கடதாசியைத் திருப்பி, பின்பக்கத்தில் அவரை எழுத வைத்தோம். காசை எடுத்துக் கழுவியது நல்லரத்தினம் ஆகிய நான், ஆர்த்திகாவுக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை, முறைப்பாடு செய்ய எதுவுமில்லை. அப்போதும் எழுத்து முத்துமுத்தாகத்தான் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு.

பதியுதீன் வாசித்துக் காட்டினான். பிறகு நான் ஆர்த்திகாவை வாசிக்கச் சொன்னேன். இரண்டு பேர் வாசித்ததும் ஒன்றாக இருந்தது.

“அஞ்சு வருசமாச்சு. என்னயும் நம்பல்லையா அண்ணன்?” என்றான் பதியுதீன்.

“இல்ல.”

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பொலிசுக்குப் போனோம். முன்னால் பதியுதீன், பின்னால் நானும் ஆர்த்திகாவும், எங்கள் நடுவில் நல்லரத்தினம். ஒருவரும் அவரோடு உரசவில்லை, ஓட்டோவுக்குள் அவ்வளவு இடம் எப்படி வந்ததோ தெரியாது. அங்கிருந்த சார்ஜன்ட் கடதாசியை இரண்டு தரம் வாசித்தார், வண்ணக்கரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “அப்ப இந்தப் புள்ளைட பேரில ஒண்டும் எழுதத் தேவையில்ல” என்றார். ஆர்த்திகா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார்.

நல்லரத்தினம் திரும்பி எங்களோடு வரவில்லை. பஸ்ஸுக்குப் போனார்.

பொலிசுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. நான் கை கழுவத் தொடங்கினேன். ஆர்த்திகா பொலிசில் எடுத்துத் தந்த கடதாசிப் பிரதியைக் கொப்புளத்தில் படாமல் நாலாக மடித்து, கடவுச்சீட்டு வைத்திருந்த உறைக்குள் வைத்தாள்.

“ஐயா, எங்கட தமிழ் ரீச்சர் ஒரு நாள் சொன்னவ” என்றாள். “வண்ணக்கன் எண்டா அந்தக் காலத்தில காசு நல்லதா கெட்டதா எண்டு பாக்கிறவனாம். அந்தச் சொல்லுத்தானாம் கோயிலுக்கு வந்த.”

“இவரும் காசு பாக்கத்தான் பாத்தார்” என்றான் பதியுதீன்.

அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்தாள். ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும்தான் சிரித்தது, மற்றப் பக்கம் இன்னும் அதைத்தபடி இருந்தது.

பக்கத்துக் கடையில் சவுக்காரம் வாங்கித் தேய்த்தேன். மோந்து பார்த்தேன், நாறியது. திரும்பத் தேய்த்தேன். நகத்துக்கு அடியில், விரலிடுக்கில், காசு கிடந்த உள்ளங்கையில் அதே செத்த தண்ணீர் நாற்றம். மூன்றாம் தரம் சவுக்காரத்தை எடுத்தேன்.

பதியுதீன் குழாயைப் பூட்டினான்.

“போதும் அண்ணன். இனியும் கழுவினா உங்களுக்கும் வெறும் வெள்ளி விலைதான்.”